ஒரு காரின் வீலை இன்னொரு காருக்கு மாட்டலாமா? பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

"நாலு நட்டு வீல்தானே சார், எல்லா வண்டிக்கும் போகும்." பழைய அலாய் வீல் விற்கும் கடைக்குப் போனால் முதலில் காதில் விழுவது இதுதான். என் ஸ்விஃப்ட் விடிஐ-க்கு அப்படிச் சொல்லித்தான் ஹோண்டா சிட்டியிலிருந்து கழற்றிய 15 அங்குல அலாய் செட்டை ஒரு கடையில் மாட்டிவிட்டார்கள். துளைகள் பொருந்தின, நட்டு ஏறியது, பார்க்கவும் அழகாக இருந்தது. சென்னை ஜிஎஸ்டி ரோட்டில் 80-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கியது. பேலன்சிங் செய்த பிறகும் நடுக்கம் போகவில்லை. அப்புறம் நட்டுகள் தளர ஆரம்பித்தன. கடைக்காரர் டயரைக் குறை சொன்னார், ரோட்டைக் குறை சொன்னார். காரணம் இரண்டுமே இல்லை என்பது வேறொரு மெக்கானிக் வீலைக் கழற்றிக் காட்டியபோதுதான் தெரிந்தது. கடைசியில் அந்த செட்டைத் தள்ளிவிட்டு, டிசையரின் 15 அங்குல அலாய் வாங்கினேன். இன்றுவரை ஒரு தொந்தரவும் இல்லை.

துளை பொருந்துவது ஐந்தில் ஒரு பொருத்தம்தான். மீதி நான்கையும் வாங்கும் முன்பே, கடை வாசலில் நின்றே சரிபார்க்கலாம். வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் உங்கள் வண்டியின் அளவுகளை எழுதிக்கொள்ளுங்கள்

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டயர் அளவு, காற்றழுத்தம் இரண்டும் அதில் உண்டு. வண்டியோடு வந்த கையேட்டில், உங்கள் மாடலின் மேல் வேரியன்ட்டுக்குக் கம்பெனி கொடுக்கும் அளவையும் பாருங்கள். ஸ்விஃப்ட்டில் கீழ் வேரியன்ட்டுக்கு 165/80 ஆர்14 (டயர் அகலம் 165 மி.மீ., பக்கவாட்டு உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 14 அங்குலம்), மேல் வேரியன்ட்டுக்கு 185/65 ஆர்15. இந்த இரண்டில் ஒன்றுக்குள் நின்றுகொள்வதுதான் எல்லா வகையிலும் நல்லது. சஸ்பென்ஷன், மட்கார்டு இடைவெளி, ஸ்பீடோமீட்டர் எல்லாம் அந்த அளவுகளுக்கு ஏற்கெனவே சோதித்தவை. இன்சூரன்ஸிலும் கேள்வி குறையும்.

இதோடு நான்கு எண்கள் வேண்டும்: பிசிடி (நட்டுத் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்), வீலின் நடு ஓட்டையின் விட்டம், ஸ்டட்டின் (நட்டு ஏறும் மரை ஆணி) மரை அளவு, ஆஃப்செட் (ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து, வண்டியில் பதியும் முகம் எத்தனை மி.மீ. வெளியே தள்ளி இருக்கிறது என்பது). போனில் குறித்து வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

2. பிசிடி: அரை மில்லிமீட்டர்கூடச் சமரசம் வேண்டாம்

நட்டுத் துளைகளின் மையங்களை இணைத்து ஒரு வட்டம் போட்டால், அதன் விட்டம்தான் பிசிடி. நான்கு துளை வீலில் அளப்பது எளிது. ஒரு துளையின் வெளி விளிம்பிலிருந்து எதிர்த் துளையின் உள் விளிம்பு வரை அளந்தால் போதும். ஐந்து துளை என்றால் பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் மையத் தூரத்தை அளந்து 1.701-ஆல் பெருக்குங்கள். 67.2 மி.மீ. வந்தால் பிசிடி 114.3. 65.8 வந்தால் 112.

நம் ஊர் ரோட்டில் அதிகம் ஓடும் சில வண்டிகளின் அளவு, நடு ஓட்டையோடு சேர்த்து (4×100 என்றால் நான்கு துளை, பிசிடி 100 மி.மீ.):

ஸ்விஃப்ட், டிசையர், பலேனோ: 4×100, நடு ஓட்டை 54.1 மி.மீ.
ஹூண்டாய் ஐ20, டொயோட்டா எட்டியாஸ்: 4×100, 54.1
ஹோண்டா சிட்டி: 4×100, 56.1
ஃபியட் புன்ட்டோ: 4×98, 58.1
ஃபோர்ட் ஃபிகோ: 4×108, 63.4
ஃபோக்ஸ்வேகன் போலோ: 5×100, 57.1
ஸ்கோடா ஆக்டேவியா: 5×112, 57.1
இன்னோவா: 5×114.3, 60.1
ஹூண்டாய் க்ரெட்டா: 5×114.3, 67.1

இதில் பெரிய பொறி, கிட்டத்தட்டப் பொருந்தும் ஜோடிகள். 98-ம் 100-ம் ஒரு ஜோடி, 112-ம் 114.3-ம் இன்னொன்று. நட்டு மரையில் ஏறிவிடும், ஏர் கன்னால் (காற்றழுத்தத்தில் நட்டை முடுக்கும் கருவி) அடித்தால் இறுகியும்விடும். ஆனால் ஸ்டட் ஒரு பக்கமாக வளைந்தபடி இருக்கும். ஓடஓட அது சோர்ந்து ஒரு நாள் முறியும். "கொஞ்சம் டைட்டா இருக்கும், அடிச்சா உக்காந்துடும்" என்று யாராவது சொன்னால் அந்த வீலை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். துளையை அகலப்படுத்தித் தருகிறேன், புதிதாகத் துளை போட்டுத் தருகிறேன் என்பவர்களிடமும் அப்படியே.

3. நடு ஓட்டை: நடுக்கத்தின் ஊற்று

வண்டியின் ஹப்பில் (வீலை மாட்டும், அதோடு சுற்றும் பாகம்) நடுவே வட்டமாக ஒரு மேடு நீட்டிக்கொண்டிருக்கும். வீலின் நடு ஓட்டை அதில் கச்சிதமாக உட்கார்ந்தால்தான் வீல் மையத்தில் நிற்கும்.

ஓட்டை சிறியதாக இருந்தால் வீல் ஏறாது. கடைந்து பெரிதாக்க வேண்டாம். வேறு வீல் பாருங்கள். ஓட்டை பெரியதாக இருந்தால் வீல் ஏறும், ஆனால் நடுவில் தொங்கும். சிட்டியின் 56.1 வீல் என் ஸ்விஃப்ட்டின் 54.1 ஹப்பில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் 1 மி.மீ. இடைவெளிதான், ஆனால் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்க அது போதும். பேலன்சிங் மெஷினில் வீலை அதன் நடு ஓட்டையை வைத்துத்தான் பிடிக்கிறார்கள். அதனால் மெஷினில் பூஜ்யம் காட்டும், வண்டியில் நடுங்கும். ஒரே வீலுக்குத் திரும்பத் திரும்ப பேலன்சிங் செய்தும் நடுக்கம் நிற்கவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இதற்கு ஹப் ரிங் என்று ஒரு வளையம் கிடைக்கிறது. வெளி விட்டம் வீலுக்கும், உள் விட்டம் உங்கள் ஹப்புக்கும் பொருந்த வேண்டும். க்ரெட்டா வீலை இன்னோவா ஹப்பில் வைத்தால் 67.1-க்கு 60.1 வளையம், 3.5 மி.மீ. தடிமன், நன்றாக நிற்கும். 56.1-க்கு 54.1 என்றால் 1 மி.மீ. தகடுதான், அது துல்லியமாக இல்லாவிட்டால் இருந்தும் பயனில்லை. அளவு கிடைக்காவிட்டால் நல்ல லேத் பட்டறையில் அலுமினியத்தில் கடைந்து தருவார்கள். வீலையும் கையோடு கொண்டுபோங்கள், வாய்வழியாக அளவு சொல்லாதீர்கள்.

4. நட்டு: மரை வண்டியைப் பார்த்து, உட்காரும் முனை வீலைப் பார்த்து

அதிக பேர் கவனிக்காததும், உயிருக்கு ஆபத்தானதும் இதுதான். ஒரு வீல் நட்டில் இரண்டு விஷயம் உண்டு. ஒன்று உள்ளே இருக்கும் மரை. அது உங்கள் வண்டியின் ஸ்டட்டுக்குப் பொருந்த வேண்டும். இரண்டாவது, வீலைத் தொடும் முனையின் வடிவம். அது வீலில் இருக்கும் இருக்கைக்குப் பொருந்த வேண்டும். வீல் ஒரு வண்டியுடையது, ஸ்டட் இன்னொரு வண்டியுடையது என்றால் இரண்டு வண்டிகளின் பழைய நட்டுமே பொருந்தாமல் போகலாம்.

மரை: மாருதிக்கு எம்12 × 1.25 (12 மி.மீ. தடிமன், மரைக்கு மரை 1.25 மி.மீ.). ஹூண்டாய், ஹோண்டா, டொயோட்டா, ஃபோர்டு கார்களில் பெரும்பாலானவற்றுக்கு எம்12 × 1.5. கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. 1.5 நட்டை 1.25 ஸ்டட்டில் வைத்தால் ஒன்றிரண்டு சுற்று கையால் ஏறும், அப்புறம் பிடிக்கும். அங்கே ஏர் கன்னை வைத்தால் மரை சிதைந்தது. போலோவில் ஸ்டட்டே கிடையாது. எம்14 × 1.5 போல்ட் ஹப்புக்குள் நேராக ஏறும்.

முனை: மாருதி, ஹூண்டாய் நட்டுகள் கூம்பு முனை, 60 டிகிரி சாய்வு. ஹோண்டாவின் கம்பெனி வீல்களுக்கு உருண்டை முனை. ஃபோக்ஸ்வேகனும் உருண்டைதான். டொயோட்டாவின் பல கம்பெனி அலாய்களில் நட்டு தட்டையாக, வாஷரோடு, கீழே குழாய் மாதிரி நீண்டு இருக்கும்.

என் சிட்டி வீல்களைக் கழற்றிய மெக்கானிக், நட்டு உட்காரும் குழியில் டார்ச் அடித்துக் காட்டினார். குழி முழுக்க உரசிய தடம் இருக்க வேண்டிய இடத்தில், நூல் அளவுக்கு ஒரே ஒரு பளபளப்பான கோடு சுற்றிப் போயிருந்தது. கூம்பு நட்டு அந்த உருண்டைக் குழியைத் தொட்டது அந்தக் கோட்டில் மட்டும்தான். அந்த மெல்லிய கோட்டில் அலுமினியம் நசுங்க நசுங்க நட்டு தளர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. எவ்வளவு இறுக்கினாலும் நிற்காததற்கு அதுதான் காரணம்.

நீங்களும் இதைப் பரிசோதிக்கலாம். குழிக்குள் மார்க்கரால் மை பூசி, நட்டைக் கையால் இறுக்கிக் கொஞ்சம் ஸ்பேனரால் திருப்பிக் கழற்றுங்கள். மை அகலமான பட்டையாக அழிந்திருந்தால் பொருத்தம். கோடாக அழிந்திருந்தால் வேறு நட்டு தேவை. "எம்12 × 1.25, உருண்டை முனை" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள், எல்லாக் கடையிலும் இருக்காது. கிடைக்கவில்லை என்றால் அந்த வீல் உங்களுக்கானது இல்லை.

இன்னொன்று: அலாய், ஸ்டீல் ரிம்மைவிடத் தடிமன். நட்டு போதுமான சுற்று ஏறுகிறதா என்று எண்ணுங்கள். 12 மி.மீ. ஸ்டட்டில் குறைந்தது 12 மி.மீ. ஆழம் மரை பிடிக்க வேண்டும். 1.25 மரைக்கு அது கிட்டத்தட்ட 10 முழுச் சுற்று; 1.5-க்கு 8.

5. ஆஃப்செட்: கொஞ்சம் கணக்கு

வீலின் பின்பக்கமோ ஸ்போக்கின் உள்பக்கமோ "15 × 5½ ஜே 45" என்பது போல அச்சு இருக்கும். விட்டம், அகலம், ஆஃப்செட். பழைய வீலும் புதிய வீலும் அகலத்திலும் ஆஃப்செட்டிலும் ஒன்றாக இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

வேறாக இருந்தால் கணக்கு இப்படி. அகலத்தை மி.மீ.-க்கு மாற்றி (ஒரு அங்குலம் 25.4) பாதியாக்குங்கள். அதிலிருந்து ஆஃப்செட்டைக் கழித்தால் வெளிப்பக்க நீட்சி, கூட்டினால் உள்பக்க நீட்சி. 5.5 அங்குல அகலம், 45 ஆஃப்செட் என்றால் வெளியே 24.9, உள்ளே 114.9. 6 அங்குலம், 40 ஆஃப்செட் என்றால் வெளியே 36.2, உள்ளே 116.2. அதாவது புதிய வீல் 11 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். நான்கு பேர் ஏறி ஒரு பள்ளத்தில் இறங்கினால் பின் மட்கார்டு உரசும், பேரிங்குக்கும் சுமை கூடும். இரண்டு பக்கமும் 5 மி.மீ.-க்குள் வித்தியாசம் இருந்தால் நான் வாங்குவேன். அதற்கு மேல் வேண்டாம். உள்ளே இடிக்கிறது என்று ஸ்பேசர் (ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே வைக்கும் தட்டு) வைத்துச் சமாளிக்கச் சொல்வார்கள், அதையும் வேண்டாம் என்றே சொல்வேன்.

பிரேக் இடைவெளியையும் பார்க்க வேண்டும். பிசைந்த சப்பாத்தி மாவைச் சிறு உருண்டையாக ஸ்போக்கின் உள்பக்கம் ஒட்டி, வீலை மாட்டி, கையால் மெதுவாக ஒரு சுற்று சுற்றிக் கழற்றுங்கள். காலிப்பர் (பிரேக் டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) எவ்வளவு அழுத்தியது என்று மாவு காட்டிவிடும். 3 மி.மீ.-க்குக் குறைவாக மாவு நின்றால் ஆகாது.

6. டயர் அளவும் சுமையும்

வீல் பெரிதானால் டயரின் பக்கவாட்டு உயரம் குறைய வேண்டும். மொத்த விட்டம் மாறக்கூடாது. 165/80 ஆர்14-ன் மொத்த விட்டம் 619.6 மி.மீ. 185/65 ஆர்15 போட்டால் 621.5. பலேனோவின் 195/55 ஆர்16-ஆக இருந்தாலும் 620.9-தான். ஸ்பீடோமீட்டர் மாறாது. ஆனால் கடையில் மலிவாகக் கிடைத்தது என்று 205/65 ஆர்15 மாட்டினால் 647.5, நாலரை சதவீதம் கூடுதல். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் உரசும், மீட்டர் குறைத்துக் காட்டும். 3 சதவீதத்துக்குள் நில்லுங்கள்.

டயரின் சுமை எண்ணும் பழையதைவிடக் குறையக்கூடாது. 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், 88 என்றால் 560. ரிம்முக்கும் தாங்கும் எடை உண்டு, சிலவற்றில் அச்சிட்டிருப்பார்கள். பெரிய வண்டியின் வீலைச் சிறிய வண்டிக்குப் போடலாம். சிறிய ஹேட்ச்பேக்கின் வீலை ஏழு பேர் ஏறும் வண்டிக்குப் போடாதீர்கள், எல்லா அளவும் பொருந்தினாலும்.

7. கடையில் ரிம்மைப் பார்ப்பது

சென்னை புதுப்பேட்டையானாலும் கோவை உக்கடமானாலும், பகல் வெளிச்சத்தில் போங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த ரிம் என்றால் முன்பக்கத்தை விட்டுவிட்டு உள் விளிம்பைப் பாருங்கள். விரலால் தடவினால் பெண்டு எடுத்த இடம் மேடுபள்ளமாகத் தட்டுப்படும். லேசான பெண்டு எடுத்தது பரவாயில்லை. வெல்டிங் தடம், மயிரிழை விரிசல் எதைப் பார்த்தாலும் வேண்டாம்.

பேரம் முடியும் முன், பக்கத்து டயர் கடையில் பேலன்சிங் மெஷினில் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். விளிம்பு ஆடுகிறதா என்று கண்ணுக்கே தெரியும். ஒத்துக்கொள்ளாத கடையில் வாங்காதீர்கள்.

டயரோடு சேர்த்துக் கொடுத்தால் தேதியைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம்: 2319 என்றால் 2019-ன் 23-ஆம் வாரம். ஐந்து ஆண்டு தாண்டிய டயருக்கு நான் காசு கொடுக்க மாட்டேன். ரிம்முக்கு மட்டும் விலை பேசுங்கள்.

8. ரசீது, இன்சூரன்ஸ்

ரசீது இல்லாமல் பழைய வீல் வாங்கவே வேண்டாம். திருட்டு வீல்கள் சந்தையில் சுற்றுகின்றன; நாளை கேள்வி வந்தால் உங்கள் கையில் காகிதம் இருக்க வேண்டும். கடை என்றால் ஜிஎஸ்டி எண்ணுள்ள பில். அதில் எந்த மாடலின் வீல், எத்தனை அங்குலம், எத்தனை எண்ணிக்கை என்று எழுதச் சொல்லுங்கள். தனி ஆளிடம் வாங்கினால் அவர் ஆர்சி நகல், அடையாள அட்டை நகல், தேதியோடு கையெழுத்திட்ட விற்பனைக் கடிதம். வீல்களின் பின்பக்க அச்சுகளைப் படம் எடுத்து வையுங்கள்.

மாட்டிய வாரத்திலேயே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மின்னஞ்சல் போடுங்கள். பில், படங்கள் இணைத்து, மின்சாரம் சாராத கூடுதல் பொருளாகப் பாலிசியில் சேர்க்கக் கேளுங்கள். பிரீமியம் சிறிது கூடும். சேர்க்காமல் விட்டால், வீல் திருடு போகும்போது வண்டியோடு வந்த ஸ்டீல் ரிம்மின் மதிப்பைத்தான் பேசுவார்கள்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-ஆம் பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கையேட்டில் உள்ள அளவுக்குள் நில்லுங்கள் என்று ஆரம்பத்தில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். வண்டி வாரண்டியில் இருந்தால் சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல் எடுபடாது.

9. மாட்டும் நாள்

வார நாள் காலையில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் யாரும் டார்க் ரெஞ்சை (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பேனர்) தொடமாட்டார்கள். டயர் மாற்றி, பேலன்சிங், மாட்டுதல், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

பழைய வீலைக் கழற்றியதும் ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் துருப் போகத் தேய்க்கச் சொல்லுங்கள். கடலோர ஊர்களில் துரு தடித்துப் படிந்திருக்கும், அதன்மேல் அலாய் சரியாக உட்காராது. ஹப்பின் நடு மேட்டில் மட்டும் மிக லேசாக கிரீஸ் தடவலாம். ஸ்டட் மரையில் ஒரு துளிகூடக் கூடாது.

நட்டுகளைக் கையால் கடைசி வரை ஏற்ற வேண்டும். ஜாக்கியை இறக்கியபின் எதிரெதிர் வரிசையில், டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். எவ்வளவு என்பது உங்கள் வண்டிக் கையேட்டில் இருக்கும். ஹோண்டாவுக்கு 108 நியூட்டன் மீட்டர், டொயோட்டாவுக்கு 103, போலோவுக்கு 120. ஏர் கன்னால் அடித்து முடித்துவிட்டு டார்க் ரெஞ்சில் ஒரு "டிக்" கேட்கவைப்பது கணக்கில் சேராது. ஏற்கெனவே கூடுதலாக இறுகியிருந்தாலும் அந்தச் சத்தம் வரும்.

80 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு, வீல் ஆறியதும், மறுபடி அதே அளவுக்கு இறுக்கிப் பாருங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

10. செலவு, ஸ்டெப்னி

விலை ஊருக்கு ஊர் மாறும். தோராயமாக: நல்ல நிலையில் பழைய 15 அங்குல கம்பெனி அலாய் நான்கு, 14,000 முதல் 20,000 ரூபாய். புதிய 185/65 ஆர்15 டயர் ஒன்று 5,000-க்கு மேல். நட்டு 16, சுமார் 1,500. ஹப் ரிங் தேவைப்பட்டால் நான்குக்கு 1,000 சொச்சம். மாட்டுக்கூலி, பேலன்சிங், அலைன்மென்ட் சேர்த்து 1,500. ஆக, டயரும் புதிதாக வாங்கினால் 40,000-ஐ ஒட்டி வரும். வீலின் விலையை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் இங்கேதான் திணறுவார்கள். கடைசியில் நட்டிலும் ரிங்கிலும் கையைச் சுருக்குவார்கள். அதற்குப் பதில், வீலோடு நல்ல டயர் வந்தால் புது டயரைக் கொஞ்ச நாள் கழித்து வாங்கிக்கொள்ளலாம்.

டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி பழைய ஸ்டீல் ரிம்தானே? அதற்குப் புதிய நட்டு பொருந்துமா என்று அன்றே பாருங்கள். உருண்டை முனையோ தட்டை முனையோ உள்ள நட்டு, கூம்புக் குழியுள்ள ஸ்டீல் ரிம்மில் உட்காராது. பழைய நட்டுகளில் ஒரு வீலுக்குத் தேவையானதைத் துணிப்பையில் கட்டி ஸ்டெப்னியோடே வையுங்கள். மெல்லிய சாக்கெட் ஸ்பேனரையும் அங்கேயே போடுங்கள், ஏனென்றால் பல அலாய்களின் துளைக்குள் வண்டியோடு வந்த ஸ்பேனர் நுழையாது. மீதி மூன்று ஸ்டீல் ரிம்களையும் விற்றுவிடாதீர்கள். வண்டியை விற்கும்போது அலாயைக் கழற்றித் தனியாக விற்றால் நல்ல விலை வரும்.